சாமிக்கு ஊற்றிய தேத்தண்ணி

செல்வமணி தகரக் குவளையை வாய்க்குக் கொண்டுபோனாள். இரண்டு மிடறு குடித்தாள். மிச்சத்தைப் பக்கத்தில் இருந்த தேயிலைச் செடியின் தூரில் மெதுவாகச் சாய்த்து ஊற்றினாள். அடுத்து மேரி ஊற்றினாள். அந்த வரிசையில் நின்ற இருபது பெண்களும் ஒருத்தி பின் ஒருத்தியாக ஊற்றினார்கள். சூடு மண்ணில் இறங்கியதும் இஞ்சி வாசம் லேசாக எழுந்தது.

மேலே ரோட்டில் நாலைந்து வெள்ளைக்காரர்கள் நின்று அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்மலையில் புதிதாக வந்த ஹோட்டலின் விருந்தாளிகள் அவர்கள். கூட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் சின்ன தொரை, தோட்டத்து உதவி மேனேஜர். சிங்களவர், முப்பது வயது தாண்டாதவர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர்.

அவர் என்னைப் பார்த்து, "லெச்சுமி அக்கே, மே தெய்யண்டத?" என்றார். இது சாமிக்கா என்று கேட்கிறார்.

நான் அந்தக் கூட்டத்தின் கங்காணி. பதில் சொல்ல வேண்டியவள். வாயை மென்று முழுங்கிவிட்டு, "ஓவ் மாத்தயா," என்றேன். ஆமாம் என்றுவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. விருந்தாளிகள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் விளக்கினார். மலைத் தெய்வத்துக்குப் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் இந்தப் பெண்கள் கொழுந்து பறிப்பார்கள் என்பது மாதிரி ஏதோ சொல்லியிருப்பார் போல. ஒரு வெள்ளைக்கார அம்மா இரண்டு கையையும் கூப்பி அந்தத் தேயிலைச் செடியைக் கும்பிட்டார். மேரிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைச் சரிசெய்வது போல நடித்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலையில் ஒன்றுக்குப் போக இடம் கிடையாது. குடித்தால் வரும். அதனால் ஊற்றினோம். சாமிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ராசு அண்ணனின் வருத்தம்

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிறது. பாதி தேயிலை, பாதி ரப்பர். காலை பத்து மணிக்கு தோட்டத்துச் செலவில் மலைக்கே தேத்தண்ணி வரும். பெரிய அலுமினியக் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ராசு அண்ணன் ஏறி வருவார். எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்திலிருந்து ஏழாம் நம்பர் மலைக்கு வர அவருக்கு மூச்சு வாங்கிவிடும்.

அவருக்குச் சாமிக் கதையில் நம்பிக்கை கிடையாது. தன் தேத்தண்ணி வாயில் வைக்கும்படி இல்லை என்பதால்தான் நாங்கள் ஊற்றுகிறோம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஒரு வாரம் சீனியைக் கூட்டுவார். அடுத்த வாரம் சாயத்தைக் கூட்டுவார். ஒரு தடவை ஏலக்காய் தட்டிப் போட்டார். இஞ்சி அவருடைய கடைசி முயற்சி.

நாங்கள் வழக்கம்போல இரண்டு மிடறு குடித்துவிட்டு ஊற்றுவோம். அவர் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி இறங்கிப் போவார். பெண்சாதி செத்து ரொம்ப வருஷம் ஆன தனிக்கட்டை. விஷயத்தை எடுத்துச் சொல்ல அவர் வீட்டில் ஒரு பெண் இல்லை. எங்களுக்கோ அவரிடம் சொல்ல வாய் வராது.

முக்கோணம்

நான் கங்காணியான கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆம்பளைகள் மட்டும் பார்த்த வேலைக்குப் பெண்களைப் போடத் தொடங்கிய புதிதில், எங்களைப் போன்ற ஏழெட்டுப் பேருக்கு டவுனில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். அங்கே நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். குறுக்கே கோடு போட்டுப் பல படிகளாகப் பிரித்தார். அடிப்படியில் சாப்பாடு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேலே பாதுகாப்பு, அன்பு, மானம் மரியாதை என்று ஏறிக்கொண்டே போனது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மனிதன் மேல்படியைப் பற்றி யோசிப்பான், வேலையாட்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது என்று தெரிந்துவிடும் என்றார்.

அடிப்படியை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றார். பகல் பன்னிரண்டரை வரைக்கும் உச்சிப்படியிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். பின்னால் சமையலறையிலிருந்து பருப்புக்கறி தாளிக்கிற வாசம் வந்தது. அதன் பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட என் தலையில் ஏறவில்லை. அவருடைய முக்கோணம் சரிதான் என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

பசியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் நான் கணக்கில் மக்கு. கணக்குப் பாடம் இன்டர்வலுக்கு முந்தின பாடம். கரும்பலகையில் எண்கள் மிதக்கும். பள்ளிக்கூடத்தில் காலையில் கஞ்சி கொடுக்கத் தொடங்கிய வருஷம் எனக்குக் கணக்கு வந்துவிட்டது. டீச்சர் அது தன் திறமை என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். மாலை ஐந்து மணிக்கு எதைக் கேட்டாலும் இல்லை, முடியாது. அதையே ஏழு மணிக்கு, இரண்டு ரொட்டியும் கட்டச்சம்பலும் உள்ளே போன பிறகு கேட்டால், "பாப்போம்" என்பார். எங்கள் வீட்டில் எடுத்த நல்ல முடிவுகள் எல்லாம் ஏழு மணிக்கு மேல் எடுத்தவை.

ஆனால் அந்தப் பயிற்சியில் என் மனதில் தங்கியது வேறொன்று. மண்டபத்துக்குப் பக்கத்தில் டைல்ஸ் பதித்த கக்கூஸ் இருந்தது. தாழ்ப்பாள் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. வந்திருந்த பெண்கள் எல்லாரும், நானும்தான், இரண்டு நாளும் கிளாஸ் கிளாஸாகத் தண்ணீர் குடித்தோம். ஏன் இவ்வளவு குடிக்கிறோம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஏழாம் நம்பர் மலை

தேயிலைச் செடி இடுப்பளவுதான் இருக்கும். அதற்குப் பின்னால் யாரும் மறைய முடியாது. முன்பு ஏழாம் நம்பர் மலைக்கு நடுவே ஒரு ஓடையும், அதை ஒட்டி ஆளுயரத்துக்கு மானாப் புல்லும் இருந்தன. நான் கொழுந்து பறித்த காலத்தில் அவசரமென்றால் இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி படங்கை விரித்துப் பிடிப்பாள், ஒருத்தி உட்காருவாள். கால் விரல் இடுக்கில் அட்டை ஏறும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

எதிர்மலையில் ஹோட்டல் வந்த பிறகு அதுவும் போயிற்று. அந்த ஹோட்டலுக்குச் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடிதான். ரோட்டை அகலமாக்கியபோது புல்லை வெட்டிவிட்டார்கள். ஒரு நாள் தலைக்கு மேலே வண்டு மாதிரி இரைந்துகொண்டு டிரோன் ஒன்று வந்து நின்றது. அன்றோடு ஓடைப்பக்கம் போவதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

லயத்துக்குப் போய்வரலாமே என்று கேட்பீர்கள். இறங்கி ஏற அரை மணி நேரம். அந்த அரை மணிக்கான கொழுந்து கூடையில் குறையும். நிறுவையில் குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும், அதாவது அன்றைய நாள் பாதி நாளாகிவிடும்.

ஆகவே காலையில் பேர் பதிகிற பிரட்டுக்குப் போகுமுன் வீட்டில் அரைக் கோப்பை. பத்து மணிக்கு இரண்டு மிடறு. வாய் காய்ந்தால் வெற்றிலை, இல்லாவிட்டால் நாக்குக்கடியில் ஒரு நெல்லிக்காய்த் துண்டு. பகல் நிறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை அவ்வளவுதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும்.

மறந்துபோனவள்

இதையெல்லாம் பதினாறு வருஷம் அனுபவித்து, அதை மறைக்கச் சாமிப் பொய்யும் சொன்ன நான், கங்காணியான மூன்றே மாதத்தில் மறந்துபோனேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கங்காணி நிறுவைச் சிட்டையைக் கொண்டுபோய்க் கொழுந்து சேர்த்துவைக்கும் மடுவத்தில் கொடுக்க வேண்டும். மடுவத்துக்குப் பின்னால் ஸ்டாஃப் ஆட்களுக்கென்று ஒரு கக்கூஸ் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை நான் அங்கே போய்வந்தேன். என் அடிப்படி நிறைந்துவிட்டது. நிறைந்ததும், அப்படி ஒரு படி இருந்ததே என் ஞாபகத்திலிருந்து கழன்றுவிட்டது.

அதனால், பதினோரு மணிக்கு மேல் பெண்களின் கை ஓய்வதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. சோம்பல் என்று நினைத்தேன். நின்று பேசுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு காலத்தில் கங்காணிமார் எங்களைச் சொன்னதையெல்லாம் நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு என் மூளை வேலை செய்தது. வெயிலுக்குத் தாகமாக இருக்கும் என்று சின்ன தொரையிடம் சொல்லி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அந்தப் போத்தல்கள் எல்லாம் பிள்ளைகளின் புத்தகப் பைகளில் பள்ளிக்கூடம் போய்விட்டன.

அதற்கும் மேலே ஒரு காரியம் செய்தேன். முக்கோணத்தில் மரியாதை என்று ஒரு படி இருந்ததே, அது நினைவுக்கு வந்தது. அந்த மாதம் அதிகக் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு பிரஷர் குக்கர் பரிசு என்று தொரையை அறிவிக்க வைத்தேன்.

செல்வமணிக்கு அந்த குக்கர் மேல் ஆசை வந்துவிட்டது. அவள் மகள் யூனிவர்சிட்டி போக ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். விடியற்காலையில் எழுந்து படிக்கிற பிள்ளைக்குச் சுருக்காகச் சமைத்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டாள். மாதம் முழுக்க அவள் பத்து மணிக்கு அந்த இரண்டு மிடறையும் நிறுத்திவிட்டாள். குவளையை வாங்குவாள், அப்படியே செடிக்கு ஊற்றுவாள். கூடையை எடுத்துக்கொண்டு தேயிலை நிரைக்குள் போய்விடுவாள். நான் தூரத்திலிருந்து பார்த்து, நம் யோசனை வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

குக்கர் அவளுக்குத்தான் கிடைத்தது. கிடைத்த மூன்றாம் நாள் மலையில் அவளுக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டிக்கொண்டு உடம்பு உதறியது. அப்போதும் அவள் கைகள் மட்டும் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. மேரிதான் கூடையை அவள் தலையிலிருந்து கழற்றினாள்.

சிங்களத்தில் சொன்னது

த்ரீவீல் பிடித்து அவளைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வார்டில் இருந்தவர் இளம் வயது சிங்கள டாக்டரம்மா. இடுப்புப் பக்கம் தட்டிப் பார்த்தார், செல்வமணி துடித்துப்போனாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். நிறையக் குடிப்பேன் என்று செல்வமணி சிங்களத்தில் சொன்னாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் எனக்குச் சுரீர் என்று எல்லாம் ஞாபகம் வந்தது. குக்கர், போத்தல், செடிக்கு ஊற்றிய குவளை, எல்லாம். என் மேலேயே எனக்குக் கோபமும் அழுகையும் வந்தது.

நான் சிங்களத்தில் சொன்னேன். மலையில் இடமில்லை, அதனால் குடிப்பதில்லை, யாருமே குடிப்பதில்லை என்று சொன்னேன். தமிழில் அந்த வார்த்தையைச் சொல்ல என் நாக்கு கூசும். சிங்களத்தில் கூசவில்லை. அது நான் கடைக்கும் பஸ்ஸுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் வைத்திருந்த மொழி. சின்ன வயதில், பொம்பளப் பிள்ளை இதையெல்லாம் பேசுவதா என்று அந்த மொழியில் என்னை யாரும் அதட்டியதில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. கிட்னியில் கிருமி ஏறியிருக்கிறது, அவள் கிளினிக் புத்தகத்தின்படி இது இரண்டாம் தடவை என்றும், இன்னொரு தடவை வந்தால் கிட்னியே பழுதாகிவிடலாம் என்றும் சொன்னார். நாளுக்கு இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் குடிக்க வேண்டும், வரும்போது அடக்கக் கூடாது, அந்த வேலையில் அது முடியாதென்றால் வேலையை விட வேண்டும் என்றார்.

நாலு நாள் கழித்து அவளை வீட்டுக்கு அழைத்து வரும் வழியில், மணிக்கொரு தடவை நீ லயத்துக்குப் போய்வா, உன் பேரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

செல்வமணி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். என்னிடம் மனதில் பட்டதைச் சொல்வாள்.

"அவளுக எல்லாம் அடக்கிக்கிட்டு நிக்கிறப்ப நா மட்டும் எறங்கிப் போனா நல்லாவா இருக்கும் லெச்சு? கங்காணியோட சேக்காளின்னு சொல்லுவாளுக. அந்தப் பேரு எனக்கு வேணாம்."

அப்படியானால் வேலையை விட்டுவிடு என்றேன்.

"விட்டுட்டு? இந்த லயத்துக் காம்பராவுல இருக்க விடுவாங்களா? புள்ள பரீட்ச எழுத இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதுவரைக்கும் இந்த ஒடம்பு தாங்கட்டும்டி."

த்ரீவீல் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் குடித்த நாள்

மறுநாள் சின்ன தொரையிடம் போனேன். ஏழாம் நம்பர் மலை ரொம்பத் தூரம், பெண்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சுற்றி வளைத்தேன். அவர் பரிவோடு கேட்டார். பிறகு, தினமும் தெய்வத்துக்குக் கொடுக்கிறீர்களே, தெய்வம் உங்களைக் கைவிடாது என்றார். நான் சொன்ன பொய் என் முன்னாலேயே வந்து நின்றுகொண்டது. அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

பகல் நிறுவைக்குப் பெண்கள் வந்தபோது அவர்களிடம் சொல்லிவிட்டேன். செல்வமணி தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், தனியாகக் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்றேன். மேரிக்குச் சர்ச்சில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற குரல். அவள்தான் பேசினாள்.

"அவ தனியாத்தான குடிக்க மாட்டேங்கிறா? அப்ப எல்லாரும் குடிப்போம். தண்ணி குடிக்கக் கூடாதுன்னு யாரு சட்டம் போட்டுருக்கா?"

அடுத்த நாள் பிள்ளைகளின் பைகளிலிருந்து போத்தல்கள் மலைக்கு வந்தன. சில போத்தல்களில் பிள்ளைகளின் பேர் எழுதி ஒட்டியிருந்தது. செல்வமணி அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். எட்டு மணிக்கு எல்லாரும் நிரைக்குள் இறங்குமுன் மூடியைத் திறந்தார்கள். அந்தப் பெண்கள் மலையில் நின்று அண்ணாந்து தண்ணீர் குடித்ததை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. குடிக்கக் குடிக்க அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. மேரிக்குப் புரையேறிவிட்டது.

உடம்புக்குக் கூட்டம் போட்டுச் சொல்லத் தேவையில்லை. ஒன்பதரைக்கு முதல் இரண்டு பேர் கூடையை இறக்கிவைத்துவிட்டு லயத்துப் பாதையில் நடந்தார்கள். பிறகு நாலு பேர். அவர்கள் திரும்பி வருமுன் ஆறு பேர். அவசரப்படவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. பதினோரு மணிக்கு மலையில் மூன்று பேர்தான் நின்றார்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாகப் பாதைதான் நிறைந்திருந்தது.

சின்ன தொரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இந்தத் தோட்டத்தில் முதல் தடவையாக ஒரு பெண்ணிடம் கொடுத்த வேலை, அதுவும் என்னோடு போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் வந்து, ஸ்ட்ரைக்கா என்று கேட்டார்.

"நே மாத்தயா. வத்துர பிவ்வா."

இல்லை, தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் விளங்காமல் நின்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் மூடிக்கொள்ளும் என்று பயம். தேத்தண்ணி சாமிக்கு இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். எதற்கு ஊற்றுகிறோம் என்று சொன்னேன். செல்வமணியின் இடுப்பைப் பற்றி, டாக்டரம்மா சொன்னதைப் பற்றி, குக்கரைப் பற்றி எல்லாம் சிங்களத்திலேயே சொன்னேன்.

அவர் காது சிவந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் சாமியைப் பற்றித்தானே கேட்டீர்கள் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப்பக்கம் ரப்பர் மரங்களைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மகே அக்கத் எஹெமய்."

என் அக்காவும் இப்படித்தான் என்று சொல்கிறார். அவருடைய அக்கா ஆடைத் தொழிற்சாலையில் மெஷினில் வேலை செய்கிறாராம். பகல் மணி அடிக்கும்வரை தண்ணீர் குடிக்க மாட்டாராம். வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகக் குடிப்பாராம். அக்காவுக்கு வீட்டுத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று அதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

அன்று யாருக்கும் அரைப்பேர் விழவில்லை.

கூரை வேண்டும்

அந்தப் பயிற்சியாளரை மறுபடி சந்தித்தால் ஒன்று சொல்வேன். உங்கள் முக்கோணத்தில் தண்ணீர் கீழே இருக்கிறது, மானம் மேலே இருக்கிறது. எங்கள் மலையில் இரண்டும் ஒரே படியில் நின்று மல்லுக்கட்டின, தினமும் மானம்தான் ஜெயித்தது. மனிதர்களை ஊக்கப்படுத்தக் குக்கர் தேவையில்லை. அந்த இரண்டும் சண்டை போடாதபடி ஒரு கதவும் தாழ்ப்பாளும் இருந்தால் போதும்.

கதவும் தாழ்ப்பாளும் அவ்வளவு லேசில் வரவில்லை. தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை ஒப்புக்கொள்ள வேண்டும், அளவெடுக்க ஆள் வர வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதுவரை இரண்டு இரண்டு பேராக முறைவைத்து லயத்துக்குப் போய்வரச் சின்ன தொரை அனுமதி கொடுத்தார். செல்வமணி மட்டும் போத்தலைக் காலி செய்தாள். மற்றவர்கள் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வழக்கம்போலச் செடிக்கு ஊற்றினார்கள். இந்தத் தடவை அவளால் மறுக்க முடியவில்லை.

மலையில் கக்கூஸை எங்கே கட்டுவது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. தங்கள் கண்ணாடிக்கு எதிரே அது தெரியக் கூடாது என்று ஹோட்டல்காரர்கள் கேட்டுக்கொண்டார்களாம். எங்களுக்கும் அதுதான் வேண்டும் என்றோம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஹோட்டலும் நாங்களும் ஒரே பக்கம் நின்றோம். கூரை வேண்டும் என்று மேரி பிடிவாதம் பிடித்தாள். சின்னக் கட்டடத்துக்குச் சுவர் போதாதா என்று அளவெடுக்க வந்தவர் கேட்டபோது, அவள் வானத்தைக் காட்டினாள். டிரோன் அவருக்கு விளங்கியது.

தோட்டம் சீமெந்தும் தகரமும் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆம்பளைகள் குழி வெட்டினார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவதற்கு நான் முதல் நாள் ஏழு மணிவரை காத்திருந்தேன். செல்வமணியின் புருஷன் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து குழாய் போட்டு, தண்ணீர் கொட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பத்து மணி

திங்கட்கிழமை பத்து மணிக்கு ராசு அண்ணன் கேனைச் சுமந்துகொண்டு ஏறி வந்தார். வழக்கமான முகம்தான். குவளைகளை நிரப்பி வரிசையாகக் கொடுத்தார். ஊற்றுவதைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்வமணி குடித்தாள். இரண்டு மிடறோடு நிறுத்தவில்லை. சூட்டை ஊதி ஊதி, அடியில் தங்கிய இஞ்சித் தும்பு வரைக்கும் குடித்தாள். மேரி குடித்தாள். இருபது பேரும் குடித்தார்கள். செடிகளின் தூர் அன்று காய்ந்தே கிடந்தது. நானும் ஒரு குவளை வாங்கிக் குடித்தேன். அத்தனை வருஷம் அந்த மலையில் இருந்தும், அந்தத் தேத்தண்ணி எவ்வளவு ருசி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ராசு அண்ணன் குவளைகளைப் பொறுக்கத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு குவளையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

செல்வமணி தன் குவளையை மறுபடி நீட்டினாள். அவர் கேனைச் சாய்த்தார். கேன் காலி.

"இன்னைக்கு இஞ்சிய கொஞ்சம் நல்லா நசுக்கிப் போட்டேன்," என்றார் மெதுவாக. "அதானா?"

கக்கூஸுக்கும் தேத்தண்ணிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. மேரி என்னைப் பார்த்தாள். நான் செல்வமணியைப் பார்த்தேன். பொய் சொல்லி ஒரு தடவை பட்டது எனக்குப் போதும், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

"தேத்தண்ணி எப்பவும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு," என்றாள் செல்வமணி. "நாளைக்குப் பெரிய கேனாக் கொண்டாங்க."